துவாஸில் கேட்கும் தாளம்

துவாஸுக்கு யாரும் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதில்லை. வேலைக்குப் போவார்கள், முடிந்ததும் திரும்புவார்கள். கிழக்கு-மேற்கு ரயில் பாதை மேற்கே முடியும் இடம் இது. 2017 ஜூனில் திறக்கப்பட்ட நான்கு நிலையங்களில் கடைசியானது துவாஸ் லிங்க்.

ஒரு விடுமுறை நாளில் அதுவரை போய்ப் பாருங்கள். ஜூ கூனைத் தாண்டியதும் தொழிற்சாலை, கிடங்கு, லாரி, மறுபடியும் தொழிற்சாலை. முதலில் அலுப்பாக இருக்கும். சற்றுப் பொறுத்தால் கூரைகளின் உயரமும் புகைபோக்கிகளின் வரிசையும் மாறுவது கண்ணில் படும்.

இந்த அனுபவத்தை இசையாக்கியவர் அமெரிக்க இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைக். 1965ல் தெருப் பிரசங்கி ஒருவரின் குரல் துணுக்கை இரண்டு ஒலிநாடாக் கருவிகளில் ஒரே நேரத்தில் சுழலவிட்டார். வேகத்தில் இருந்த இம்மியளவு வித்தியாசத்தால் இரண்டும் மெல்ல விலகின. அதே சொற்களிலிருந்து புதுப்புதுத் தாளங்கள் பிறந்தன.

நமக்கு இது புதிதல்ல. உறுமி மேளம் கேட்டவர்களுக்குத் தெரியும். ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். வளைந்த குச்சி தோலில் உரசும் அழுத்தம் கூடக் கூட, நம்மை அறியாமல் கால் ஆடும். சிங்கப்பூர்த் தைப்பூச ஊர்வலத்தில் 1973 முதல் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016ல் வழியில் மூன்று இடங்களில் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. செராங்கூன் சாலையிலிருந்து டேங்க் ரோடு வரை காவடி சுமப்பவருக்கு அந்தத் தாளம் எவ்வளவு பெரிய துணை!

துவாஸ் துறைமுகமும் திரும்பச் செய்ததில் உருவானதுதான். அதன் முதல் கட்டத்துக்குக் கடலில் இறக்கிய கான்கிரீட் பெட்டகங்கள் 221. ஒவ்வொன்றும் பத்து மாடி உயரம். ஒன்றன்பின் ஒன்றாக இறக்க இறக்கக் கடல் தரையானது. 2022 செப்டம்பரில் துறைமுகம் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டது.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இசை அலுத்தால் நிறுத்திவிடலாம். விடியற்காலை லாரி, பகலெல்லாம் வேலை, இரவு தங்குவிடுதி என்று சுழலும் ஊழியருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய நாள்கள் இங்கே ஒன்றுபோலவே இருக்கின்றன. மாற்றம் ஊரில் நடக்கிறது: வீட்டுச் சுவர் ஒரு வரிசை உயர்கிறது, காணொளி அழைப்பில் தெரியும் பிள்ளை ஒரு விரல்கடை வளர்ந்திருக்கிறது.

துவாஸ் லிங்க்கிலிருந்து திரும்பும் மாலை ரயிலில் எதிரே கண்மூடி உட்கார்ந்திருப்பவரின் காதிலும் ஏதோ ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் நேற்றுக் கேட்ட அதே பாட்டு.