ஆல்ப்ஸ் மடியில் பிறந்த வெள்ளிக் காசு

ஆஸ்திரியாவின் இன்ஸ்ப்ருக்கில் ரயில் ஏறி உட்காருவதற்குள் ஹால் என்ற ஊர் வந்துவிட்டது. இறங்கியதும் முகத்தில் அறைந்தது குளிர். மூக்கு நுனி மரத்துப்போனது. வாயைத் திறந்தால் புகை. வடக்கே நிமிர்ந்து பார்த்தால் வானத்தைப் பாதி மறைத்துக்கொண்டு பனிமலைச் சுவர். சந்துகளில் விறகுப்புகை வாசனை. எதிரே வருகிறவர்கள் முன்பின் தெரியாத எனக்கு முகமலர்ந்து வணக்கம் வேறு சொல்கிறார்கள்!

இந்த ஊர் உப்பால் வளர்ந்த ஊர். கடலே இல்லாத இடத்தில் உப்பா? தூத்துக்குடி உப்பளங்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. மலையைக் குடைந்து, உள்ளே தண்ணீர் விட்டு உப்பைக் கரைத்து, அந்த உப்புநீரைக் கீழே கொண்டுவந்து காய்ச்சியிருக்கிறார்கள். 1967 வரை இது நடந்திருக்கிறது. ஆனால் நான் தேடி வந்தது மலை தந்த இன்னொரு செல்வத்தை: வெள்ளி.

இன் ஆற்றை ஒட்டி நிற்கிறது ஹாசெக் கோட்டை. அதற்குள்தான் பழைய நாணயச்சாலை. இந்த ஊர் இருக்கும் டிரோல் நாட்டை ஆண்ட சிகிஸ்முண்ட், 1477இல் தெற்கே மெரானிலிருந்த நாணயச்சாலையை ஹாலுக்கு மாற்றினார். காரணம் பக்கத்திலேயே இருந்தது. ஷ்வாட்ஸ் சுரங்கங்களில் வெள்ளி கொட்டிக் கிடந்தது; தங்கம்தான் கிடையாது. டிரோலின் சொந்தக் காசு, மெரானில் பிறந்த கிராய்ட்சர். கையில் வைத்தால் கனமே தெரியாத பொடிக்காசு. பெரிய கொடுக்கல் வாங்கலுக்கு அதை மூட்டை மூட்டையாக எண்ண வேண்டும், அல்லது வெளியிலிருந்து வரும் தங்கக் காசை நம்ப வேண்டும். தங்கக் காசின் மதிப்பை வெள்ளியிலேயே கொண்டுவந்துவிட்டால் என்ன? 1486இல் வந்தது குல்டினர். ஒன்றுக்கு 60 கிராய்ட்சர். எடை 30 கிராமுக்கும் மேல்.

இப்போது அருங்காட்சியகமாகிவிட்ட நாணயச்சாலையில், அந்தக் குல்டினர் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் மூச்சுவிடாமல் நின்றேன். ஒரு பக்கம் கவசமணிந்து நிற்கும் சிகிஸ்முண்ட். மறுபக்கம் குதிரை மேல் பாயும் வீரன், அவனைச் சுற்றி வளையமாகச் சின்னச் சின்னக் கேடயங்கள். குதிரையின் அடியில் ஆண்டு. ஐந்நூறு ஆண்டுகள் கடந்தும் அந்த வெள்ளி என்னமாய் மின்னுகிறது! பின்னாளில் போஹீமியாவில் தாலரும், அதன் வழியே டாலரும் வந்ததற்கு முன்னோடி இந்தக் காசுதான். இத்தனை காசடித்த சிகிஸ்முண்டோ கடனில் மூழ்கி 1490இல் ஆட்சியையே விட்டுக்கொடுத்தார். அதைப் படித்தபோது மனசு கனத்தது.

அடுத்த அறையில் ராட்சத மரச் சக்கரங்கள். பதினாறாம் நூற்றாண்டில் தண்ணீர் விசையால் ஓடிய உருளை இயந்திரத்தை அப்படியே மறுபடி செய்து வைத்திருக்கிறார்கள். நம்மூர் கரும்புச்சாறு இயந்திரத்தில் கரும்பை விடுவதுபோல, இரண்டு எஃகு உருளைகளுக்கு நடுவே வெள்ளிப்பட்டையைச் செருகுவார்கள். மறுபுறம் வரும்போது பட்டை முழுக்க உருவங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். பிறகு காசு காசாக வெட்டி எடுக்க வேண்டியதுதான். உருளையில் உருவத்தை நீள்வட்டமாகச் செதுக்கினால்தான் உருண்டு அழுந்தும்போது காசில் சரியாக வட்டமாக விழுமாம். அந்தக் கணக்கைக் கண்டுபிடித்த கைகளைத் தொட்டுக் கும்பிடலாம் போலிருந்தது. இந்த நுட்பம் ஸ்பெயினின் செகோவியா வரை போயிருக்கிறது. மன்னர் இரண்டாம் ஃபிலிப்புக்காக இங்கிருந்து இயந்திரங்களும் ஆட்களும் புறப்பட்டு, 1585இல் அங்கே போய்ச் சேர்ந்தார்கள்.

கடைசியாகப் பார்த்த காசுதான் என்னை உலுக்கிவிட்டது. 1809, டிரோல் அப்போது பவேரியாவின் பிடியில். விடுதி நடத்திக்கொண்டிருந்த ஆண்ட்ரெயாஸ் ஹோஃபர் தலைமையில் விவசாயிகள் திரண்டெழுந்து, சில மாதங்கள் நாட்டைத் தங்கள் கையில் வைத்திருந்தார்கள். அந்தக் கொஞ்ச நாளில் இதே நாணயச்சாலையில் 20 கிராய்ட்சர் காசு அடித்திருக்கிறார்கள். அதில் ஹோஃபர் முகம் இல்லை, எந்த மன்னன் முகமும் இல்லை. டிரோலின் கழுகும் நாட்டின் பெயரும் மட்டுமே. அந்த ஆண்டோடு நாணயச்சாலை மூடப்பட்டது. ஹோஃபரை 1810 பிப்ரவரியில் மாண்டுவாவில் சுட்டுக் கொன்றார்கள். குல்டினரின் அழகுக்கு இது கிட்டே நிற்காது. ஆனால் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்றால், யோசிக்காமல் இதைத்தான் எடுப்பேன்.