தோழிக்குத் தைத்தால் கூலி எவ்வளவு?

ஹாஸ்டல் அறையில் தையல் மெஷின் வைத்திருக்கும் பெண்ணுக்கு எத்தனை தோழிகள் இருப்பார்கள்? கல்ச்சுரல்ஸுக்கு மூன்று வாரம் முன்னால் எண்ணிப் பாருங்கள். மொத்த ஹாஸ்டலும் தோழிகள்தான்!

அவள் படித்தது கணிதம். தையல் அம்மாவிடம் கற்றது. அம்மா ஊரில் வீட்டிலேயே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். பழைய கை மெஷின் ஒன்றை மகளிடம் கொடுத்து அனுப்பியிருந்தார். சுடிதாரைப் பிடித்துக் கொடுப்பது, கிழிசல் தைப்பது என்று இரண்டு வருஷம் அமைதியாக ஓடியது. மூன்றாம் வருஷம் ஒருத்தி பட்டுப்புடவையோடு வந்து நின்றாள். "பரதநாட்டிய டிரெஸ் தைக்கணும்டி. கடையில கேட்டா மயக்கமே வருது. நீ தச்சுக் கொடேன்."

அது அந்தப் பெண்ணின் அம்மா கட்டிய கல்யாணப் புடவை. மடிப்பு விழுந்த இடங்களில் இற்றுப் போயிருந்தது. இருந்தாலும் கத்தரி வைத்தால் வைத்ததுதானே...

ஆடாதவர்களுக்கு அந்த உடையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பார்த்தால் புடவை கட்டியது போல இருக்கும். ஆனால் ரவிக்கை, கால்சட்டை, முன்னால் விசிறி, இடுப்பைச் சுற்றி ஒரு துண்டு, மேலாக்கு என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வெட்டித் தைத்தது. முன்பெல்லாம் பைஜாமாவின் மேல் புடவையைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடுவார்கள். 1935-ல் அடையாறு பிரம்மஞான சபையில் மேடையேறி, 1936-ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், ஆட்டத்தோடு உடையையும் மாற்றியமைத்தார். தைத்த உடை பரவலானது அதற்குப் பிறகுதான்.

இதில் உயிர் விசிறியில் இருக்கிறது. ஒரு அங்குல மடிப்புக்கு மூன்று அங்குலத் துணி வேண்டும். பத்து அங்குல விசிறிக்கு முப்பது. ஜரிகைக் கரை ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே கோட்டில் வர வேண்டும். அவள் நாலு நாள் பழைய செய்தித்தாளை மடித்து மடித்துப் பழகினாள். பிறகு காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்தாள். நல்லவேளை தைத்தாள். தோழி அதைப் போட்டுக்கொண்டு அரைமண்டியில் உட்கார்ந்ததும் பின்பக்கம் 'டர்ர்ர்' என்றது! நிற்க வைத்து மட்டும் அளவெடுத்திருந்தாள். ஆடுகிறவளுக்கு உட்கார வைத்தும் அளவெடுக்க வேண்டும் என்பது அந்தச் சத்தத்தில்தான் புரிந்தது.

பட்டில் தைத்தது பிசகவில்லை. மேடையில் விசிறி விரிந்தபோது கை தட்டியவர்களில் பாதிப் பேர் மறுநாள் அறை வாசலில் நின்றார்கள். குழு நடனத்துக்கு ஆறு, நாடகத்துக்கு ஒரு ராஜா அங்கி, ஃபேன்ஸி டிரெஸ்ஸுக்கு ஒரு மயில். கூலி? "நமக்குள்ள என்னடி!" என்பார்கள். லைனிங் துணி, கொக்கி, நூல் எல்லாம் அவள் கைக்காசு. மேக்கப்புக்குக் கேட்ட காசைக் கேள்வி கேட்காமல் கொடுத்தவர்களும் இதற்கு ஒரு சாக்லேட்டோடு முடித்துக்கொண்டார்கள். அந்த செமஸ்டரில் ஒரு பேப்பர் போயிற்று. யாரிடமும் சொல்லவில்லை.

காசு போனதுகூட அவ்வளவு வலிக்கவில்லை. ஒரு நாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த ரவிக்கை ஒன்றைப் பார்த்தாள். அவள் தைத்ததுதான். ஆனால் கை இணையும் இடத்தில் தையல் வேறு, நூலின் நிறமும் வேறு. யாரோ வெளி டெய்லரிடம் கொடுத்துப் பிரித்துத் தைத்திருக்கிறார்கள். 'என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே' என்று இரவெல்லாம் புரண்டாள்.

மறுநாள் போனில் அம்மாவிடம் அழுதாள். அம்மா ஒரே கேள்விதான் கேட்டார். "கூலி வாங்கினியா?"

"இல்லம்மா."

"அப்புறம் எந்த வாயால அவ குறை சொல்லுவா? சும்மா தச்சுக் குடுத்தா கை இறுக்குனாக்கூட பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போட்டுக்குவாங்க. காசு வாங்குனாத்தான் 'இது சரியில்ல'ன்னு உரிமையா வந்து நிப்பாங்க. நான் உன் சித்திகிட்டயே வாங்குறேன். இன்னி வரைக்கும் எங்களுக்குள்ள சண்டை இல்ல."

யோசித்துப் பாருங்கள். இலவசமாகச் செய்கிறவர் பெரிய மனசு என்று நாம் நினைக்கிறோம். வாங்கிக்கொள்கிறவரின் வாயை அது கட்டிப்போடுவதை நினைப்பதில்லை.

அந்த வாரம் ஒரு நோட்டுத்தாளில் எழுதிக் கதவில் ஒட்டினாள். கடை விலையில் பாதி. லைனிங்குக்கும் கொக்கிக்கும் முன்பணம். பரீட்சைக்கு இரண்டு வாரம் முன்பிருந்து தையல் கிடையாது. உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தைக்கப்படும். உடம்பு போட்டாலும், தங்கைக்குக் கொடுத்தாலும் பிரித்துக்கொள்ளலாம். ஒரு தடவை ஆல்டரேஷன் இலவசம்.

"ரொம்பத்தான் வியாபாரி ஆயிட்டா" என்று வராண்டாவில் பேச்சு அடிபட்டது. சிலர் அதோடு வருவதை நிறுத்திக்கொண்டார்கள். மயில் போட்டவள் இரண்டு மாதம் முகம் கொடுத்தே பேசவில்லை.

முதலில் வந்தது யார் தெரியுமா? அந்த ரவிக்கைக்காரிதான். முன்பணத்தை மேஜையில் வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "இந்தத் தடவை கையை லூஸா வைடி. போன தடவை தூக்கவே முடியல" என்றாள்.

அவள் சிரித்துக்கொண்டே இஞ்ச் டேப்பை எடுத்தாள். "கையைத் தூக்கு. தூக்கிக்கிட்டே நில்லு."