சூட்டில்தான் பார்க்க வேண்டும்

காலையில் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகும் பழைய கார், வெயிலில் நீண்ட தூரம் ஓடி நின்றபின் முரண்டு பிடிக்கும். அரை மணி நேரம் போனால் தானாகவே சரியாகிவிடும். அப்படித் தானாகச் சரியாவதால்தான் இந்தக் கோளாறைப் பிடிப்பது இவ்வளவு கடினம். மெக்கானிக் ஷெட்டுக்குக் கொண்டுபோனால் அங்கே ஒரு குறையும் இல்லாமல் ஓடும். “இப்ப நல்லாத்தானே இருக்கு சார், நான் எதைப் பாக்கறது?” என்று அவர் கேட்பார். அவர் கேட்பது நியாயம்தான்.

எங்கள் வீட்டில் இருப்பது அப்பா வாங்கிய பிரீமியர் பத்மினி. 1089 சி.சி. எஞ்சின், கார்புரேட்டர், எஞ்சினை ஒட்டிய டயஃப்ரம் பம்ப், பாயிண்ட் வைத்த டிஸ்ட்ரிபியூட்டர். எல்லாமே கண்ணால் பார்த்து, கையால் கழற்றக்கூடிய சாமான்கள். வேலூர்க் கத்திரி வெயிலில் ஒரு வருடம் இந்தக் கோளாறு ஆரம்பித்தது. அந்தக் கோடை முழுக்க நான் எஞ்சினை அணைக்கவே பயந்தேன். டீக்கடை முன்னால் ஓடவிட்டபடியே நின்று டீ குடிப்பேன். பங்க்கில் அணைத்துத்தான் ஆக வேண்டும் என்பதால் விடிகாலையில் போய் பெட்ரோல் போட்டுக்கொள்வேன். அம்மாவை எங்காவது கூட்டிப் போனால், நடுரோட்டில் அவரை வெயிலில் உட்கார வைக்க நேருமோ என்ற நினைப்பிலேயே வழி முழுக்கப் பேசாமல் ஓட்டுவேன். வண்டியை விற்றுவிடலாம் என்றுகூட மனசுக்குள் முடிவெடுத்திருந்தேன். அப்பாவின் வண்டி என்பதால் அதை யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

கேட்டவர்கள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: வேப்பர் லாக். அந்தப் பதிலில் அர்த்தம் இருக்கிறது. வண்டி ஓடும்போது ரேடியேட்டர் தண்ணீரும் ஃபேன் காற்றும் சூட்டை வெளியே கொண்டுபோகின்றன. அணைத்ததும் இரண்டும் நின்றுவிடும். எஞ்சினின் சூடு மேலே கிளம்பி பம்ப், கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றிலும் ஏறும். நின்ற பிறகு கொஞ்ச நேரத்துக்கு பானட்டுக்குள் இருக்கும் வெப்பம், ஓடும்போது இருந்ததைவிடக் கூடுதல். பெட்ரோலில் உள்ள லேசான பகுதிகள் 40 டிகிரிக்குள்ளேயே ஆவியாகத் தொடங்கிவிடும். ஆவி அடைத்துக்கொண்டால் பம்பால் பெட்ரோலை இழுக்க முடியாது. அம்பாசடரும் ஃபியட்டும் ஓட்டிய பழைய டிரைவர்கள் பம்பின்மேல் ஈரத்துணி போடுவது இதற்காகத்தான். நானும் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனது.

அந்த நம்பிக்கையை அசைத்தவர் வயதான ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர். “துணி போட்டா எவ்வளவு நேரத்துல ஸ்டார்ட் ஆகுது? போடாம விட்டா எவ்வளவு நேரம் ஆகுது? ரெண்டையும் பாத்தீங்களா தம்பி?” என்றார். யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அடுத்த தடவை துணி போடாமல் காத்திருந்தேன். ஏறக்குறைய அதே நேரம்தான் ஆனது. அப்படியானால் வண்டியைக் கிளப்பியது துணி இல்லை. ஆறுவதற்குக் கிடைத்த நேரம். அந்த நேரத்தில் பம்ப் மட்டுமா ஆறுகிறது? காயில், கண்டென்சர், செல்ஃப் மோட்டார் எல்லாமே ஆறுகின்றன.

“நின்னா நின்ன இடத்துலயே பாருங்க. ஆற விட்டுட்டா அது தப்பிச்சிடும்” என்று சொல்லி, ஒரு பழைய ஸ்பார்க் பிளக்கும் ஒரு புதிய கண்டென்சரும் கொடுத்து, பார்க்க வேண்டிய வரிசையையும் சொல்லி அனுப்பினார்.

வாணியம்பாடி தாண்டி ஒரு மதியம் வண்டி நின்றது. செல்ஃப் எப்போதும்போல வேகமாகச் சுற்றியது. சூட்டில் இழுத்து இழுத்துச் சுற்றினால் பேட்டரி டெர்மினல், எர்த் ஒயர், செல்ஃப் மோட்டார் புஷ் என்று வேறு பக்கம் போக வேண்டும். இங்கே அது இல்லை. ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி ஆக்ஸிலரேட்டர் லிங்க்கைக் கையால் அசைத்தேன். பெட்ரோல் மெல்லிய கோடாகப் பீய்ச்சியது. அதாவது கார்புரேட்டரில் பெட்ரோல் இருக்கிறது. கடும் பெட்ரோல் வாசனை இல்லாததால் ஓவர்ஃப்ளோவும் இல்லை. ஏர் கிளீனரை மூடிவிட்டு, கையிலிருந்த பிளக்கை ஒரு ஒயரில் மாட்டி, கார்புரேட்டரிலிருந்து தள்ளி எஞ்சின் உலோகத்தில் படும்படி வைத்து, செல்ஃப் அடிக்கச் சொன்னேன். நீலமாகப் பளிச்சென்று வர வேண்டிய தீப்பொறி மஞ்சளாக, விட்டு விட்டு வந்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தால் பாயிண்ட் கருகியிருந்தது. பாயிண்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கண்டென்சரை மாற்றினேன். எஞ்சின் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்போதே வண்டி உடனே கிளம்பியது. அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதிக் காட்ட முடியாது.

பாயிண்ட் திறக்கும் நொடியில் காயிலில் ஓடும் கரண்ட் சட்டென்று அறுந்தால்தான் பிளக்குக்கு வேண்டிய பல்லாயிரம் வோல்ட் பிறக்கும். அதற்குத் துணை நிற்பது கண்டென்சர். அதன் உள்ளே இருக்கும் காப்பு சூட்டில் கசிய ஆரம்பித்தால், பொறி பிளக்கில் அடிக்காமல் பாயிண்டிலேயே அடித்து வீணாகும். செல்ஃப் அடிக்கும்போது 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட் பக்கம் இறங்கிவிடுவதால், பலவீனம் முதலில் வெளிப்படுவது ஸ்டார்ட் பண்ணும்போதுதான். என் வண்டியிலிருந்து கழற்றியது பெயரில்லாத, வயதான கண்டென்சர். பத்மினியின்மேல் பழி போட ஒன்றுமில்லை.

எல்லா வண்டிக்கும் கண்டென்சர்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை. லிங்க்கை அசைத்தும் பெட்ரோல் பீய்ச்சவில்லை என்றால் வேப்பர் லாக்கை நம்பலாம். கூடவே டேங்க்கிலிருந்து வரும் ரப்பர் ஹோஸையும் பாருங்கள். அந்தப் பக்கம் விரிசல் விட்டால் பெட்ரோல் ஒழுகாது, காற்றை உறிஞ்சும். 2023க்குப் பிறகு பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பருக்கு ஆகாது, மாற்றிவிடுவது நல்லது. வாசனை தூக்கியடித்தால் ஓவர்ஃப்ளோ: ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக அடிவரை மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல்தான் இறங்கும். அந்த நிலையில் வெளியே ஸ்பார்க் பார்க்கவே கூடாது, தீப்பிடிக்கும். கார்புரேட்டர் இல்லாத எம்.பி.எஃப்.ஐ. வண்டியானால் சூட்டில் மட்டும் செத்துப்போகும் கிராங்க் சென்சரை முதலில் சந்தேகப்படுங்கள்.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ஒரு பழைய பிளக், ஒரு கண்டென்சர், ஒரு ஸ்க்ரூ டிரைவர் மூன்றையும் டேஷ்போர்டில் போட்டு வையுங்கள். வண்டி நின்றதும் தண்ணீர் பாட்டிலைத் தேடுவதற்கு முன்னால் பானட்டைத் திறந்து, செல்ஃப், பெட்ரோல், கரண்ட் என்ற வரிசையில் பாருங்கள். பார்த்ததை மெக்கானிக்கிடம் அப்படியே சொல்லுங்கள்.