மேல்கோட்டையில் ஏர் தொடாத மண்

மைசூரிலிருந்து வடக்கே போகும் வழியெல்லாம் நெல்லும் கரும்பும். விசுவேசுவரய்யா கால்வாயில் வரும் காவிரித் தண்ணீர் மண்டியா மாவட்டத்தைப் பச்சையாக வைத்திருக்கிறது. பாண்டவபுரம் தாண்டி மேலே ஏற ஏறப் பாறையும் முட்புதரும்தான். அந்தக் குன்றின்மேல் மேல்கோட்டை; நம் வைணவர்களுக்குத் திருநாராயணபுரம். ராமானுஜர் பல ஆண்டுகள் தங்கிய ஊர். இங்குள்ள ஐயங்கார் வீடுகளில் கன்னடம் தோய்ந்த தமிழ் இன்றும் காதில் விழுகிறது.

செலுவநாராயணரைச் சேவித்துவிட்டு நான் தேடிப் போனது மண்ணை. ஜெயப்பிரகாஷ் நாராயணின் செயலாளராக இருந்த சுரேந்திர கௌலகி, 1960இல் இங்கே ஜனபத சேவா டிரஸ்டைத் தொடங்கினார். அவர் மகன் சந்தோஷ் கௌலகி, ஜப்பானிய உழவர் மசானொபு ஃபுகுவோகாவின் இயற்கை வேளாண்மையைக் கன்னட நாட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். உழவு இல்லை, ரசாயன உரம் இல்லை, பூச்சிமருந்து இல்லை. அறுத்த வைக்கோல் வயலுக்கே திரும்பும்.

இங்கே ஒரு தோட்டத்தில் மூடாக்கை விலக்கிக் கைவைத்தேன். மேலே வெயில் கொளுத்துகிறது, அடியில் கறுத்த ஈரமண்! சிலிர்த்துப்போனேன். இலைதழை மக்கி மண்ணில் சேர்ந்த கரிமம்தான் அந்தக் கறுப்பு. ஏர் புரட்டும்போது காற்றுப் பட்டு நுண்ணுயிர்கள் அதைத் தின்ன, கரியமில வாயுவாக மேலே போய்விடும். யூரியா இட்டாலோ அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகிறது. நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு சூடேற்றும் வாயு. அந்த யூரியாவைச் செய்யவும் இயற்கை எரிவாயு வேண்டும்.

கீழே கால்வாய் வயல்களின் சிக்கல் வேறு. தண்ணீர் தேங்கினால் மண்ணுக்குக் காற்றில்லை. அங்கே சூடேற்றும் இன்னொரு வாயுவான மீத்தேன் பிறக்கிறது. ஃபுகுவோகா மழைக்காலத்தில் கொஞ்சநாள் மட்டுமே நெல்லுக்குத் தண்ணீர் நிறுத்தினார். நம் ஊரில் சொல்லும் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விட்டாலும் மீத்தேன் வெகுவாகக் குறையும்.

ஆனால் கடன் வாங்கிக் கரும்பு நட்டவரிடம் நாளையே ஏரைக் கீழே போடு என்று சொல்ல எனக்கு மனம் வராது. 45 கிலோ யூரியா மூட்டை அவருக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது; மீதிச் செலவை அரசு ஏற்கிறது. வைக்கோலைக் கொளுத்தாமல் மண்ணுக்குத் திருப்புகிறவருக்கு அந்த மானியத்தில் ஒரு பங்கு போகட்டும். இயற்கை வேளாண்மைக்கு மாறும் முதல் சில வருடங்களில் விளைச்சல் குறைந்தாலும் அவர் தாக்குப்பிடிப்பார்.