கைநாட்டும் கைரேகையும்

சிட்னிக்கு வரும் நண்பர்களுக்கு ஓபரா ஹவுஸ் காட்டிய கையோடு ஹைட் பார்க் பாரக்ஸையும் காட்டிவிடுவது என் வழக்கம். கைதிகளைத் தங்க வைக்க 1819-ல் கட்டிய செங்கல் கட்டடம், இப்போது மியூசியம். உள்ளே வரிசையாகத் தொங்கும் தூளிகளைப் பார்த்த ஒரு நண்பர், "உங்க கே.ஜி.எஃப். லைன் வீடு மாதிரியே இருக்கேப்பா" என்றார். தங்கவயல்காரனைச் சீண்டிவிட்டார், விடுவேனா?

1788-லிருந்து 1868 வரை ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்ட கைதிகள் சுமார் 1,60,000 பேர். அயர்லாந்திலிருந்து நேராக வந்தவர்கள் மட்டும் சுமார் 40,000. சிலர் கலகக்காரர்கள், பலர் மீது திருட்டு வழக்கு. இவர்களில் ஏராளமானோரை அரசாங்கம் தனியார் பண்ணைகளுக்கு வேலையாளாக ஒதுக்கியது. சாப்பாடும் துணியும் எஜமானர் தருவார். அடிக்க வேண்டுமென்றால் மட்டும் அவரே அடிக்கக்கூடாது; மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும். அவர் கசையடி விதிப்பார்! இது அடிமைத்தனத்துக்குச் சமம் என்று லண்டன் நாடாளுமன்றக் குழுவே 1838-ல் சொல்லிவிட்டது.

எங்கள் ஊர்க் கதையும் ஓர் அயர்லாந்துக்காரரில்தான் தொடங்குகிறது. நியூசிலாந்துப் போரில் இருந்துவிட்டு பெங்களூரில் குடியேறிய சிப்பாய் லாவல், 1873-ல் கோலாரில் சுரங்கம் தோண்ட அனுமதி கேட்டு விண்ணப்பித்தார். பெங்களூர் லாவல் ரோடு அவர் பெயர்தான். 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆற்காடு, சேலம், சித்தூர் பக்கமிருந்து நம் ஜனங்கள் வந்தார்கள். பெரும்பாலும் தலித்துகள். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு வந்தவர்கள் பலர்.

இரண்டும் ஒன்றா? இல்லை. எங்கள் தாத்தாக்கள் எந்தக் கோர்ட்டிலும் தண்டனை வாங்கவில்லை. கூலி உண்டு, பிடிக்காவிட்டால் ஊருக்குத் திரும்பலாம் (கடன் விட்டால்!). ஆனால் ஒரு விஷயத்தில் கதை நெருங்கி வருகிறது.

ஐரிஷ் கைதி கப்பலை விட்டு இறங்கியதும் அவன் உயரம், கண் நிறம், தழும்பு, பச்சை குத்தியது எல்லாவற்றையும் பேரேட்டில் எழுதிவிடுவார்கள். ஓடிப்போனால் பிடிக்க வேண்டுமே! அந்த வேலையை இன்னும் சுலபமாக்கியது கைரேகை. உலகின் முதல் கைரேகை அலுவலகம் 1897-ல் கல்கத்தாவில்தான் திறந்தது. குற்றவாளிகளை அடையாளம் காண.

அதே கைரேகையைத் தங்கவயல் தொழிலாளர்களிடம் எடுக்கக் கிளம்பினார்கள். ரேகை இருந்தால் ஒரு மைனில் சீட்டு கிழிந்தவன் வேறு பெயரில் அடுத்த மைனில் சேர முடியாது. 1930-ல் ஜனங்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள்.

இதில் எனக்கு ஒன்று ஆச்சரியம். கைநாட்டு வைப்பது அவர்களுக்குப் புதிதில்லை. கடன் பத்திரத்தில் வைத்தார்கள், நிலப் பத்திரத்தில் வைத்தார்கள். பிறகு ஏன் இதற்கு மட்டும் கோபம்? தாத்தா அப்போது இருபது வயது வாலிபர். பின்னாளில் அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்: "கைநாட்டு நான் சம்மதிச்சு வெக்கறது. ரேகை, என்னைத் திருடன்னு நெனச்சு அவன் எடுக்கறது."

இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்கு விளக்கியதில்லை. தினமும் உயிரைப் பணயம் வைத்து பூமிக்குள் இறங்கியவர்கள், அந்த மை தங்கள் விரலில் படக்கூடாது என்று நின்றார்கள்.

இன்று ஆஸ்திரேலியர்கள் தங்கள் வம்சத்தில் ஒரு கைதி இருந்தால் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அந்தப் பழைய பேரேடுகளைத் தேடி, பாட்டனின் தழும்பைக்கூடக் கண்டுபிடிக்கிறார்கள். தங்கவயலில் 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. மிச்சம் சயனைடு மேடும், காலையில் பெங்களூருக்கு ரயிலேறும் பிள்ளைகளும். கோலார் தங்கம் என்றால் சினிமா ஞாபகம் வருகிறவர்களுக்கு, ஒரு ரேகைக்காக நடந்த இந்த ஸ்டிரைக் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

ஆபீஸ் வேலையாக முதல்முறை அமெரிக்கா போனபோது, ஏர்போர்ட்டில் பத்து விரலையும் கண்ணாடியில் அழுத்தச் சொன்னார்கள். அழுத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. போனில் சொன்னதும் அப்பா சிரித்தார்.

"கூலியாவது சேர்த்துக் கேட்டியாடா?"