பெயர் நமது, கப்பல் யாருடையது?

திருகோணமலை என்னும் பெயரைத் தாங்கிய பாய்க்கப்பல் ஒன்று இன்றும் நீரில் மிதந்துகொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹாட்லிபூல் என்னும் துறைமுக நகரில், செப்பனிடப்பெற்ற அருங்காட்சிக் கப்பலாக அது நிற்கிறது. 'எச்.எம்.எஸ். திரிங்கோமலி' என்பது அதன் பெயர். ஐரோப்பியப் போர்க்கப்பல்களுள் இன்றும் மிதப்பவற்றில் அதுவே மிகப் பழையது என்பர்.

நாம் கற்பிக்கும் பாடசாலையிலிருந்து பார்த்தால் உள்துறைமுகத்தின் நீர் தெரியும். மாணவரிற் பலர் மீனவரின் பிள்ளைகள். துறைமுகத்தையண்டிக் கூலிவேலை செய்வோரின் பிள்ளைகள். அக்கப்பலின் படத்தை ஒருநாள் வகுப்பிற் காட்டினோம். "சேர், எங்கட ஊரின்ர பேரை ஏன் அவங்கட கப்பலுக்கு வைச்சவங்கள்?" என்று ஒருவன் கேட்டான். ஒரு வரியில் விடை கூறிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்திருக்கலாம். ஆயின் அக்கேள்வி ஒரு வரிக்குள் அடங்குவதாக நமக்குத் தோன்றவில்லை.

1782ஆம் ஆண்டு திருகோணமலைக்குப் போதாத காலம். சனவரியில் ஆங்கிலேயர் ஒல்லாந்தரிடமிருந்து இத்துறையைப் பறித்தனர். ஓகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரன் அதனை ஆங்கிலேயரிடமிருந்து பறித்தார். செப்டெம்பர் 3ஆம் நாள் அவருடைய கப்பல்களும், ஆங்கிலத் தளபதி எட்வர்ட் ஹியூஸின் கப்பல்களும் இக்கடலிற் பொருதின. அப்போரின் நினைவாகவே கப்பலுக்கு இப்பெயர் இடப்பட்டது. பொருதிய வல்லரசுகளுள் எதுவும் இங்கு வலைவீசி வாழ்ந்தவனின் சம்மதத்தைக் கேட்கவில்லை. ஊரின் பெயரும் ஊரைப்போலவே கொள்ளைப்பொருளாயிற்று.

கப்பல் பிறந்த இடமோ பம்பாய். நெப்போலியப் போர்களின் காரணமாக இங்கிலாந்தில் ஓக் மரத்துக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. இந்தியத் தேக்கின்மீது கண் விழுந்தது. கப்பலின் வரைபடங்களை ஏற்றிவந்த 'ஜாவா' என்னும் கப்பலை 1812 டிசம்பரில் அமெரிக்கக் கப்பலொன்று அழித்தமையால், மீண்டும் படிகள் அனுப்பவேண்டியதாயிற்று. பார்சி இனத்தவரான ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியாவின் மேற்பார்வையில் 1816இல் ஏரா என்னும் அடிமரம் இடப்பட்டது. பார்சியர் மரபுப்படி அதில் ஒரு வெள்ளி ஆணியும் அறையப்பட்டது. 1817 ஒக்டோபர் 12ஆம் நாள் கப்பல் நீரில் இறங்கியது. செலவு ஏறத்தாழ 23,600 பவுண்.

தேக்கு எங்கிருந்து வந்தது? மலபார்க் காடுகளின் தேக்கைத் தன் ஏகபோகமாக்கிக்கொள்ள விரும்பிய கிழக்கிந்தியக் கம்பனி, 1806இல் வாட்சன் என்னும் கப்டனைக் காட்டதிகாரியாக நியமித்தது. தலைமுறை தலைமுறையாக அக்காட்டிற் கோடரி எடுத்தவர் தம் காட்டிலேயே திருடராயினர். மக்களின் எதிர்ப்பு வளர்ந்தது. 1823இல் அப்பதவியே ஒழிக்கப்பட்டது. அதற்குள் எத்தனையோ கப்பல்கள் கட்டி முடிந்துவிட்டன.

இன்னொன்றையும் ஆசிரியத் தோழர்கள் தம் மாணவர்க்குக் கூறவேண்டும். இந்தியாவிற் கட்டிய கப்பல்களைப் பதிவுசெய்வது குறித்து 1815இல் பிரித்தானியப் பாராளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பிரித்தானியரின் ஆட்சிக்குட்பட்ட நிலத்திற் பிறந்திருந்தாலும், 'லஸ்கார்' எனப்பட்ட ஆசிய மாலுமிகள் பிரித்தானிய மாலுமிகளாகக் கொள்ளப்படார் என்று அது விதித்தது. நம் மரம் பிரித்தானியக் கப்பலாகலாம்; அம்மரத்தின்மீது நின்று பாய் விரிப்பவன் பிரித்தானிய மாலுமியாக முடியாது!

'திரிங்கோமலி'யின் பிற்கால வரலாறு பழம்பொருளுக்குரிய வரலாறே. போர்ப்பணியும் பயிற்சிப்பணியும் முடிந்து, 1897இல் உடைப்பதற்கென விற்கப்பட்ட அதனை வீட்லி கொப் என்பவர் வாங்கி, 'ஃபூட்ரோயன்' எனப் பெயர் மாற்றி இளைஞரின் பயிற்சிக் கப்பலாக்கினார். 1986 வரை அது அப்பணியில் இருந்தது. 1987இல் ஹாட்லிபூலுக்குக் கொண்டுவரப்பட்டு, 1990 முதல் 2001 வரை செப்பனிடப்பட்டது. 1992இல் பழைய பெயரும் மீண்டது.

ஏன் ஹாட்லிபூல்? கப்பல் கட்டியே வாழ்ந்த அந்நகரின் பட்டறைகள் 1960களின் தொடக்கத்தில் மூடுண்டுபோயின. ஆயினும் மரமும் இரும்பும் அறிந்த கைகள் ஊரில் எஞ்சியிருந்தன. 1979 முதல் 1987 வரை 'வொரியர்' என்னும் வேறொரு பழங்கப்பலை அக்கைகளே செப்பனிட்டு முடித்தன. அடுத்ததாகத் 'திரிங்கோமலி' அவற்றிடம் வந்து சேர்ந்தது. பணம் கோடிக்கணக்கிற் செலவாயிற்று என்பது உண்மை. ஆனால் தொழில் அறிந்தவன் இல்லாத ஊரில் அப்பணத்தைக் கொட்டியிருந்தால், உளுத்த பலகை உளுத்த பலகையாகவே கிடந்திருக்கும்.

இவ்விடத்தில் நமது கரையை எண்ணாமல் இருக்க முடியவில்லை. எமது அம்மப்பா மரத்தோணிகளுக்குக் கலப்பற்றும் தொழிலாளி. பலகைகளின் இடைவெளியிற் பஞ்சுத்திரியை வைத்து, உளியாலும் கொட்டாப்புளியாலும் அடித்து இறக்கி, எண்ணெயிற் காய்ச்சிய குங்கிலியத்தை மேலே பூசுவார். திரி இறுகியதா இல்லையா என்பதை அடியின் ஓசையே அவருக்குச் சொல்லிவிடும். பம்பாயில் 'திரிங்கோமலி'யின் பலகைகளை அடைத்தவர்களும் இத்தகைய செவியுடையவராகவே இருந்திருக்க வேண்டும். எமது அம்மப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. அவர் அறிந்ததை எழுதிவைக்க எழுத்தறிந்த எவரும் அவரிடம் வந்ததுமில்லை.

அத்தகையோர் கட்டியவை கரையோரத்துச் சிறு தோணிகள் மாத்திரமல்ல. 1930இல் வல்வெட்டித்துறை ஓடாவிகள் கட்டிய 'அன்னபூரணி' என்னும் பாய்க்கப்பலை ரொபின்சன் என்னும் அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளுமே அதனைச் செலுத்திச் சென்று, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்திற் சேர்த்தனர். பல்கலைக்கழகம் காணாத மனிதர் சமுத்திரம் கடந்த கதை இது. நம் பாடநூல்களில் வாஸ்கோ ட காமாவுக்கு இடமிருக்கிறது. அத்தண்டையலுக்கு எத்தனை வரி இருக்கிறது?

2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலை இக்கரையின் தோணிகளையும் வள்ளங்களையும் நொறுக்கியது. பின்னர் உதவியாக வந்தவை பெரும்பாலும் கண்ணாடிநாரிழைப் படகுகள். அவற்றைக் குறைகூறுவது அறமாகாது. பசித்தவனுக்கு அன்று வேண்டியது கடலுக்குப் போக ஒரு படகு. ஆனால் அப்படகுக்கு ஓடாவியும் வேண்டாம், கலப்பற்றுபவனும் வேண்டாம். தொழில் போனால் தொழிலின் சொற்களும் போகும். ஏரா என்றால் என்ன, வங்கு என்றால் என்ன என்று வகுப்பிற் கேட்டோம். மீனவர் பிள்ளைகளிலும் விடை தெரிந்தவர் இருவரே.

நமது நகரிலும் கடல்சார் அருங்காட்சியகம் ஒன்று உண்டு. ஒல்லாந்தக் கடற்படை ஆணையாளரின் பழைய மாளிகை புதுப்பிக்கப்பட்டு, 2013இல் அப்பணிக்கெனத் திறந்துவைக்கப்பட்டது. கட்டடம் அழகாக நிற்கிறது. அதனைக் காத்தது நற்செயலே. ஆணையாளர் வாழ்ந்த வீட்டைக் காப்பாற்ற முடியுமாயின், தோணி கட்டியவனின் உளியையும் காப்பாற்ற முடியும்.

வாடியாவின் பெயரை ஹாட்லிபூல் மறைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எனினும் வாடியா தனியாகக் கப்பல் கட்டவில்லை. மரம் வெட்டியவர், மரம் இழுத்தவர், வாள் பிடித்தவர், திரி அடித்தவர் ஆகிய இவர்களின் பெயர்களை எவ்வளவு பணம் கொடுத்தும் இனி மீட்க இயலாது. இருநூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. நமது ஓடாவிகளின் நிலை இன்னும் அவ்வளவுக்குப் போய்விடவில்லை. மூதூரிலும் கிண்ணியாவிலும் நகரத்துக் கரையிலும் தமிழராயும் முஸ்லிம்களாயும் சிங்களவராயும் முதியோர் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் கை நடுங்கினாலும் நினைவு நடுங்கவில்லை.

ஆகவே ஆசிரியரும் மாணவரும் செய்யத்தக்க வேலை ஒன்று இருக்கிறது. விடுமுறையில் ஒரு குறிப்பேட்டுடன் அம்முதியோரிடம் செல்லுங்கள். மரத்தின் பெயர், கருவியின் பெயர், அளவு, கூலி, தொழில் கற்பித்தவரின் பெயர் ஆகியவற்றை அவர்கள் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். உளுத்துக் கிடக்கும் தோணி ஒன்றையேனும் அவர்களின் கையாலேயே செப்பனிடுவித்து, அதனருகே அவர்களின் பெயர்களை எழுதி மக்கள் பார்வைக்கு வைப்போம். அவ்வேலைக்கு உரிய கூலியையும் கொடுப்போம். எமது வகுப்பு மாணவர் இவ்விடுமுறையிலேயே தொடங்குகின்றனர். கேள்வி கேட்ட மாணவன் தன் பெரியப்பாவின் பெயரை முதற் பக்கத்தில் எழுதியிருக்கிறான்.