நார்மல் என்று ஒதுக்கிய படங்கள்

எக்ஸ்ரே பிரிவில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு தொழில்புத்தி உண்டு. எந்தப் படத்தை எடுத்தாலும் கண் முதலில் கோளாறைத்தான் தேடும். நெஞ்சுப் படமென்றால் நுரையீரலின் மேல்முனையில் காசநோயின் நிழல் விழுந்திருக்கிறதா என்று பார்க்கும். மணிக்கட்டு என்றால் எலும்பின் விளிம்பில் மயிரிழையாக விரிசல் ஓடுகிறதா என்று பார்க்கும். ஒன்றும் இல்லையென்றால் டாக்டர் ‘நார்மல்’ என்று எழுதுவார், பிலிம் பழுப்பு உறைக்குள் போய்விடும், நாங்கள் அடுத்தவரைக் கூப்பிடுவோம். நல்ல எலும்பை யாரும் இரண்டாவது தடவை பார்ப்பதில்லை. வெளியே வராந்தா கொள்ளாமல் ஆட்கள் நிற்கும்போது அப்படிப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது.

ஓய்வுபெற்ற பிறகுதான் டேய்ன் டாஸ்கர் எடுத்த பூப்படங்கள் கண்ணில் பட்டன. 1872-இல் பிறந்த அமெரிக்கர். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் வில்ஷயர் மருத்துவமனையின் தலைமைக் கதிரியக்க மருத்துவராக இருந்தவர். 1930-களில், அதாவது நம்மூரில் பேரன் பேத்தி எடுத்து ஓய்ந்து உட்காரும் வயதில், தன் இயந்திரத்துக்கு முன்னால் லில்லியையும் ரோஜாவையும் வைத்துப் படமெடுத்தார்.

சொல்வதுபோல் அது சுலபமில்லை. நெஞ்சுப் படத்துக்குக் கொடுக்கிற கிலோவோல்ட்டைப் பூவுக்குக் கொடுத்தால் கதிர் இதழைத் தாண்டி அப்படியே போய்விடும். பிலிமில் ஒன்றும் நிற்காது. மின்னழுத்தத்தை நன்றாகக் குறைக்க வேண்டும். மார்பகத்துக்கு மேமோகிராம் எடுப்பதற்கு முப்பது கிலோவோல்ட்டை ஒட்டி வைப்பார்களே, அந்த மாதிரி மெல்லிய கதிர். அப்போதுதான் ஓரிதழ் நிற்கும் இடத்துக்கும் இரண்டு இதழ் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்துக்கும் வேறுபாடு தெரியும். டாஸ்கரின் லில்லியில் அது அவ்வளவு துல்லியம். வெளிர்ந்த தாளில் சாம்பல் நிறத்தில் இதழ்கள்; இதழ் கூடும் இடமெல்லாம் ஒரு படி கறுப்பு; நடுவே சூலகமும் அதைச் சுற்றி மகரந்தத் தாள்களும். அந்தப் படத்தில் எந்த நோயும் இல்லை. எங்கள் டாக்டர் பார்த்திருந்தால் ‘நார்மல்’ என்று எழுதித் தள்ளியிருப்பார்!

யோசித்துப் பார்த்தால் இந்தத் தொழில் தொடங்கியதே ஒரு நார்மல் படத்தில்தான். ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரான்ட்ஜன் இந்தக் கதிரைக் கண்டது 1895 நவம்பர் 8. டிசம்பர் 22-ஆம் தேதி மனைவி அன்னா பெர்த்தாவை ஆய்வகத்துக்கு வரச்சொல்லி, அவர் கையைத் தகட்டின்மேல் கால்மணி நேரம் அசையாமல் வைத்திருக்கச் செய்தார். அந்தக் கையில் முறிவில்லை, வீக்கமில்லை. விரல் எலும்புகளும் ஒரு மோதிரமும்தான். உலகம் அதை வியந்து பார்த்தது. அடுத்த சில மாதங்களில் மருத்துவர்கள் உடம்புக்குள் தங்கிய குண்டையும் ஊசியையும் தேட ஆரம்பித்துவிட்டார்கள். அதே 1896-இல் வியன்னாவில் ஏடர், வலென்ட்டா என்ற இருவர் மீன், தவளை, பாம்பு என்று எடுத்துப் படத் தொகுதியாகவே அச்சிட்டார்கள். மருத்துவமும் அழகும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். ரான்ட்ஜன் காப்புரிமை வாங்காமல் விட்டதால் இந்த இரண்டின் வழியிலும் தடையில்லை.

நான் இதைச் சொல்லக் காரணம், கோளாறு தேடும் அந்த ஆஸ்பத்திரிக் கண் ஆஸ்பத்திரியோடு நிற்பதில்லை. அதை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறோம். எக்ஸ்ரே அறைப் பக்கமே போகாதவர்களுக்கும் அது இருக்கிறது. பேரன் மார்க் ஷீட்டை நீட்டினால் 92-ஐ விட்டுவிட்டு 61-இல் போய் விரலை வைக்கிறோம். மருமகள் வைத்த குழம்பில் புளி தூக்கலாக இருப்பது மட்டும் நாக்குக்குத் தெரிகிறது. ஒழுங்காக இருப்பதையெல்லாம் ‘நார்மல்’ என்று உறையில் போட்டு மூடியாயிற்று. ஐம்பது வருஷம் கூடவே இருந்த மனிதரைப் பற்றிக் கேட்டால் அவருடைய குறைகளை வரிசையாகச் சொல்ல முடிகிறது. அவர் எப்படிச் சிரிப்பார் என்று கேட்டால் யோசிக்க வேண்டியிருக்கிறது.

அதற்காகக் கோளாறு தேடும் கண்ணை நான் குறைத்துப் பேசமாட்டேன். அது உயிர் காத்த கண். அந்தக் கண்ணை நமக்குத் தந்தவர்களில் பலர் தங்கள் விரல்களையும் உயிரையும் இழந்திருக்கிறார்கள். எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலி கதிரில் வெந்து, கைகள் அகற்றப்பட்டு, 1904-இல் இறந்தார். ஹாம்பர்க் நகர மருத்துவமனை வளாகத்தில் 1936-இல் வைத்த நினைவுக்கல்லில் அப்படிப் போனவர்களின் பெயர்கள் முதலிலேயே 169 இருந்தன.

எங்கள் தொழிலில் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது ஒன்று உண்டு: எலும்பு முறிவு என்று வந்தால் ஒரே படத்தோடு விடாதே, நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எடு. எக்ஸ்ரே என்பது முன்னாலிருப்பதையும் பின்னாலிருப்பதையும் ஒரே தளத்தில் அமுக்கிய நிழல். நேர்ப்படத்தில் எலும்பு ஒழுங்காக நிற்பதுபோல் இருக்கும். கையைத் திருப்பிவைத்து எடுத்தால் உடைந்த துண்டு பின்னால் விலகிக் கிடக்கும். டாஸ்கர் செய்ததை நான் இந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொள்கிறேன். பகலெல்லாம் பழுதைப் பார்த்த இயந்திரத்தை வைத்தே இன்னொரு பக்கத்திலிருந்தும் ஒரு படம் எடுத்திருக்கிறார்.

இரண்டு பக்கமும் எடுத்தாலும் அகப்படாதது உண்டு. “படத்துல ஒண்ணும் இல்லைங்கறாங்க, எனக்கு வலிக்குதே தம்பி” என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்ற பாட்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஜவ்வும் தசைநாரும் சாதாரண எக்ஸ்ரேயில் சரியாகத் தெரியாது. படத்தில் தெரியவில்லை என்றால் படத்தில் தெரியவில்லை, அவ்வளவுதான். வீட்டில் யாராவது வலிக்கிறது என்றால் காலில் வலித்தாலும் மனசில் வலித்தாலும் அத்தாட்சி கேட்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. அழகுக்காக ஆட்களைக் கதிரில் நிறுத்தக் கூடாது. பூவுக்குப் பரவாயில்லை. இங்கிலாந்தில் இந்தக் கலையில் பேர்வாங்கிய நிக் வீஸி, மனித உருவம் வேண்டியிருந்தால் எலும்புக்கூட்டை வைத்து எடுத்திருக்கிறார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வீட்டுப் பரணில் இருக்கும் பழைய பிலிம்களை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நாளைக்கு நெஞ்சில் ஒரு புள்ளி தெரிந்தால் அது புதிதா பழையதா என்று அவைதான் சொல்லும். சுருட்டாமல், ஈரம் படாமல், ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். வைப்பதற்கு முன் உங்கள் நெஞ்சுப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பின்பக்க விலாக்களை எண்ணுங்கள். உதரவிதானத்துக்கு மேலே ஒன்பது பத்து தெரிந்தால், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னபோது சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறீர்கள் என்று அர்த்தம்.